பக்கத்துக் கட்டில் தூக்கம்

பல் மருத்துவக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் சுருக்கென்று தைக்கும். இரண்டுக்கும் சேர்த்து முதல் வாரமே யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்குத் தானே வைத்திருந்த பெயர்களுக்கு முன்னால் இது செல்லப் பெயர்தான்.

அவளோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு மெத்தை என்று பெயர். எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவாள். வகுப்பில் தூங்குவாள், பேருந்தில் நின்றுகொண்டே தூங்குவாள். ஒருமுறை நோயாளிக்காகக் காத்திருந்தவள் பல் பிடுங்கும் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். வந்த நோயாளி, யாருக்கோ மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சத்தம் போடாமல் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இந்தக் கதையை மெத்தையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தனக்கு அப்படி நடந்திருந்தால் ஊரை விட்டே போயிருப்போம் என்று ஊசி நினைத்தாள். அதையும் இவள் சிரித்துக்கொண்டு சொல்கிறாளே என்று நினைத்தபோது மார்புக்குள் ஏதோ கரித்தது. அது என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஊசியின் வீட்டில் அடி கிடையாது, திட்டு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் அவள் நொடிந்துபோனபோது எல்லோரும் அவளுடைய அம்மாவைத்தான் சந்தேகப்பட்டார்கள். அப்பாவுக்குப் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை. எந்த ஊரில் ஆறு இருக்கிறதோ அங்கே இருப்பார். அம்மா தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். மகளிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மார்க் குறைந்தால்கூட, "போகட்டும்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்வாள்.

ஆனால் அம்மா தன்னையே திட்டிக்கொள்வாள். பால் பொங்கி வழிந்தால், "மூளையைக் கழட்டி எங்கே வெச்சே, தண்டம்!" சாவியை மறந்தால், "ஒரு வேலைக்கும் லாயக்கில்லாத ஜென்மம்." துணியில் சாயம் இறங்கிவிட்டால், "உன்னையெல்லாம் நம்பி ஒரு குடும்பம்!" மெல்லிய குரலில்தான் சொல்வாள். ஆனால் வீட்டில் இருந்ததே இரண்டு அறை. நடுவில் கதவு கிடையாது, திரைதான். அந்தப் பக்கம் அம்மா முனகுவதைக் கேட்டுக்கொண்டே இந்தப் பக்கம் மகள் கணக்குப் போட்டாள். குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்வது போல இதையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டாள்.

முதல் வருடத்தில் மெழுகைச் செதுக்கிப் பல் செய்ய வேண்டும். விரல் நீள மெழுகுக் கட்டி ஒன்று, சின்னக் கத்தி ஒன்று, அளவுகோல் ஒன்று. கோரைப்பல்லுக்கு ஒரே முனை. கடைவாய்ப்பல்லுக்கு மேடும் பள்ளமும் வாய்க்காலுமாக ஒரு சின்ன மலைநாடே வேண்டும். எல்லாம் முடிகிற நேரத்தில் கத்தி கொஞ்சம் அழுந்தினால் போதும், ஒரு மேடு பொளக்கென்று உதிர்ந்துவிடும்.

ஊசியின் பல் அப்படித்தான் உதிர்ந்தது. உடைந்த மெழுகை உள்ளங்கையில் வைத்து நகத்துக்குள் ஏறும்வரை இறுக்கினாள். உள்ளே குரல் ஓடிக்கொண்டிருந்தது: 'ஒரு மெழுகு நிக்குதா உன் கையில? நீ நாளைக்கு மனுஷன் வாயில கை வைக்கப் போறியா? உனக்குச் சாப்பாடு ஒரு கேடு.' அன்று மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. தப்புச் செய்தவளுக்குச் சாப்பாடு கிடையாது என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம்.

சற்று நேரத்தில் பக்கத்து ஸ்டூலிலும் பொளக்கென்று சத்தம் கேட்டது.

"அடடா, போச்சா!" என்றாள் மெத்தை. "சரி கண்ணு, விடு. கையெல்லாம் எப்படி வலிக்குது பாரு உனக்கு. போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து இன்னொண்ணு பார்த்துக்கலாம்."

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஊசி திரும்பினாள். மெத்தை தன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரைடி கண்ணுங்கறே?"

"என்னைத்தான்."

"உன்னையேவா? பைத்தியமா உனக்கு?"

"இருக்கும். டீக்கு வரியா?"

ஊசி வரவில்லை. மெத்தை போய் டீயோடு இரண்டு ரொட்டியும் தின்றுவிட்டு வந்து, புதுக் கட்டியை எடுத்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செதுக்கினாள். பல் சுமாராகத்தான் வந்தது. சுமாரான மார்க்தான் கிடைத்தது. பட்டினி கிடந்து செதுக்கிய ஊசியின் பல்லை ஆசிரியர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். ஆனால் அன்று ராத்திரி மெத்தை தூங்கினாள். ஊசி, தூக்கிக் காட்டிய அந்தப் பல்லின் ஓரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு கீறல் இருந்ததை நினைத்துக்கொண்டு விழித்திருந்தாள்.

வகுப்பில் எப்போதும் முதல் ஊசிதான். மார்க்கில் மெத்தை அவளுக்குப் பக்கத்தில்கூட வரமுடியாது. அதனால்தான் இந்தக் கரிப்புக்குப் பொறாமை என்று பெயர் வைக்க ஊசிக்கு வெகுநாள் ஆயிற்று. தன்னைவிடக் குறைவாக வாங்குகிறவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஆனால் அது பொறாமையேதான். மெத்தை சோம்பல் முறிப்பதைப் பார்த்தால் எரிந்தது. இரண்டாவது தட்டுச் சாப்பாடு வாங்கினால் எரிந்தது. ஒரு பாடத்தில் தோற்றுப்போய், கட்டிலில் குப்புறப் படுத்து ஓவென்று அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, "பாவம்டி நான், எவ்வளவு படிச்சேன்!" என்று சொல்லிக்கொண்டே அழுத முகத்தோடு தூங்கிப்போனபோது இன்னும் அதிகமாக எரிந்தது. பாவம்டி நான்! அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்ல இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

ஒரு நாள் ஊசியும் சொல்லிப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, வெளியே கேட்காதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்றாள். "சரி," என்றாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சரி கண்ணு." இரவல் செருப்பு மாதிரி அந்த வார்த்தை கடித்தது. கண்ணாடியில் இருந்தவள், விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரி போலப் பார்த்தாள். ஊசி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தொண்டை சரியில்லையா? ஏதோ பேச்சு சத்தம் கேட்டுச்சு," என்றாள் மெத்தை.

"உன் வேலையைப் பார்த்துட்டுப் போ."

விடுமுறை ஒன்றில் மெத்தை அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஊசி போயிருக்கவே கூடாது. மெத்தையின் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அம்மா தையல்காரி. வீடு முழுக்கத் துணித் துண்டும் நூல்கண்டும் கிடந்தன. போன அன்றே ஊசி மேசையிலிருந்த கண்ணாடி ஜாடியைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டாள். ஜாடி சுக்குநூறானது. ஊசி திட்டுக்குக் காத்து நின்றாள்.

"கால்ல பட்டுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா ஓடி வந்தார்.

"அசையாதே, அசையாதே, அப்படியே நில்லு. கால்ல குத்திடப் போகுது," என்று அம்மா மெஷினிலிருந்து கத்தினாள்.

தம்பிக்காரன் துடைப்பத்தோடு வந்தான். ஜாடியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எல்லோரும் ஊசியின் காலையே பார்த்தார்கள். மெத்தை மட்டும், "அது அத்தை கொடுத்த ஜாடி. அசிங்கமா இருக்கும். தூக்கிப் போட ரொம்ப நாளா சாக்குத் தேடிட்டு இருந்தோம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊசி குளியலறைக்குள் போய் அழுதாள். நன்றியில் வந்த அழுகை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படி இல்லை. இவளுக்கு இது சும்மாவே கிடைத்திருக்கிறது என்ற எரிச்சலில் வந்த அழுகை அது. நான் ராவும் பகலும் படித்து வாங்கினாலும் வராத ஒன்றை இவள் பிறந்ததிலிருந்து தின்று வளர்ந்திருக்கிறாள், அது ஒரு செல்வம் என்றுகூட இவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து எரிந்தால் என்றைக்காவது நாமும் ஒரு கார் வாங்கிக்கொள்ளலாம். இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது? சாப்பாட்டு நேரத்தில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். மெத்தையின் அம்மா கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போர்வையை மேலே போட்டுவிட்டுப் போனாள். ஊசி போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கல்லூரியில் ஆறாம் நம்பர் அறை என்று ஒன்று உண்டு. மனசு சரியில்லாத மாணவர்கள் போய்ப் பேசுவதற்காகக் கல்லூரி ஏற்பாடு செய்திருந்த ஆலோசகர் அங்கே உட்காருவார். அந்த வராந்தா வழியாகப் போனால் கூட, "என்ன, ஆறாம் நம்பரா?" என்று கேலி செய்வார்கள். அதனால் பக்கத்தில் இருந்த கழிவறைக்குக்கூடக் கூட்டம் கிடையாது.

மெத்தை தனக்குத் தானே பேசுகிறாள், ஆறாம் நம்பருக்குப் போகிறாள் என்று மூன்றாம் வருடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவள் ஊசி. வேறு யாரிடமோ சும்மா சொல்வது போல ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். மீதியை வாக்கியமே பார்த்துக்கொண்டது. மெத்தைக்கு இது வலிக்கும், ஒரு ராத்திரியாவது தூங்கமாட்டாள் என்று ஊசி எதிர்பார்த்தாள்.

விஷயம் மெத்தையின் காதுக்குப் போயிற்று. யார் கிளப்பியது என்பதும் போயிற்று.

"நீதான் சொன்னியாமே?" என்று கேட்டாள்.

ஊசி புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள்.

"கஷ்டமா இருந்துச்சுடி," என்றாள் மெத்தை. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் அங்க போகல. போனாத்தான் என்ன? ஆனா நீ என் முதுகுக்குப் பின்னால சொன்னது கஷ்டமா இருந்துச்சு. இன்னிக்கு உன்கூடப் பேச மாட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்."

அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் பேசினாள். ஊசியால் அதைத் தாங்கவே முடியவில்லை. அவள் கத்தியிருந்தால், முடியைப் பிடித்து இழுத்திருந்தால், கணக்கு நேராகியிருக்கும். கோபம்கூட இவள் எவ்வளவு அளவாக, எவ்வளவு சுத்தமாகப் படுகிறாள்! அதற்குப் பிறகு ஊசிக்குத் தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. பக்கத்துக் கட்டிலில் சீராக ஏறி இறங்கும் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். 'பொறாமைக்காரி. கேவலமானவளே. உனக்கு நல்லது செஞ்சவளையே கடிக்கிற நாய்' என்று உள்ளே குரல் ஓடும். பொறாமைப்பட்டதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வாள். திட்டத் திட்டப் பொறாமை இன்னும் ஏறும்.

இந்த நிலையில்தான் கடைசி வருடத்தில் அவளிடம் நோயாளியாக ரெஃப்ரி வந்தார். பள்ளிக்கூடப் பையன்களின் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர். பல் எல்லாம் போய்விட்டதால் விசில் வாயில் நிற்கவில்லை. ஊதினால் காற்றுத்தான் வந்தது. "பசங்க நான் ஊதறதே தெரியலைன்னு பந்தை அடிச்சிட்டே போறாங்கம்மா. ஒரு பல்செட் பண்ணிக் கொடுத்துடு, என் மானத்தைக் காப்பாத்து," என்றார். ஒவ்வொரு முறையும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டே வருவார்.

ஊசி உயிரைக் கொடுத்து அந்தப் பல்செட்டைச் செய்தாள். தாடை அளவை எடுத்து, பிடிக்காமல் போய், மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு பல்லாக மெழுகில் அடுக்கி, அவர் வாயில் வைத்துப் பார்த்து, கலைத்து அடுக்கினாள். ஆசிரியர் போதும் என்று சொன்ன பிறகும் விடவில்லை. எல்லாம் முடிந்து, பளபளப்பு ஏற்றுவதற்காகச் சுற்றும் சக்கரத்தில் கீழ்ச்செட்டை வைத்துப் பிடித்தாள். ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினாள். தூக்கமில்லாத விரல் ஒரு கணம் நழுவியது. சக்கரம் செட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தது. கீழே விழுந்தபோது அது இரண்டாக இருந்தது.

பேராசிரியர் வந்து எடுத்துப் பார்த்தார். "சக்கரம் இழுத்துடுச்சா? எனக்கும் பறந்திருக்கு. ஒட்ட வைக்கலாம். சரியா வரலேன்னா மறுபடி பண்ணிக்கலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வெளியே உட்கார்ந்திருந்த ரெஃப்ரியிடம் ஊசியே போய்ச் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "சரி, விடும்மா. இன்னும் கொஞ்ச நாள் கையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தறேன்," என்றார்.

யாரும் திட்டவில்லை. திட்டாததால் அந்த வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. அவள் அதைக் குறைவில்லாமல் செய்தாள். அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. சாப்பாட்டு அறைக்குப் போவதை நிறுத்தினாள். மெத்தை தட்டில் எடுத்து வந்து வைத்தால் அது அப்படியே ஆறிக் கிடக்கும். வகுப்பில் எல்லோரும் பரீட்சைப் பயம் என்று நினைத்தார்கள்.

ஒரு மதியம் விடுதி மொட்டைமாடியில் மெத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியையும் வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார வைத்திருந்தாள்.

"உனக்கென்னடி," என்றாள் ஊசி. "படுத்தா தூங்கறே. எனக்கும் அப்படி ஒரு தூக்கம் வரணும். எழுந்திருக்கவே வேண்டாத தூக்கம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மெத்தை சிரிக்கவில்லை. ஈரத் துணியை வாளிக்குள்ளேயே போட்டுவிட்டு வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல ஊசி வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "தினமும் தோணுது."

மெத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குடி. இதை என்னால தனியா வெச்சுக்க முடியாது. வார்டன்கிட்ட சொல்லப் போறேன். அப்புறம் நீயும் நானும் ஆறாம் நம்பருக்குப் போறோம்."

"சொன்னே, உன்னைக் கொன்னுடுவேன்."

"கொல்லு. ஆனா எங்கூட வந்துட்டுக் கொல்லு."

மெத்தை கையை விடவே இல்லை. படி இறங்கும்போதும், வார்டன் அறையிலும், அந்த வராந்தாவில் எல்லோரும் பார்க்க நடந்தபோதும் விடவில்லை. ஊசிக்கு அன்று அவள்மேல் வந்த வெறுப்பு அதற்கு முன்னால் யார்மேலும் வந்ததில்லை. எந்த அறையைச் சொல்லித் தான் கேலி கிளப்பினாளோ அந்த அறைக்கே தன்னை இழுத்துப் போகிறாள். அதிலும் பழிவாங்கும் எண்ணம் துளிகூட இல்லாமல். அந்த நல்ல மனசைக்கூட அவளே வைத்துக்கொண்டாள் என்றிருந்தது ஊசிக்கு.

ஆலோசகர் சின்ன வயசுக்காரிதான். அன்று அவருக்குச் சளி வேறு. பேச்சுக்கு நடுவே மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பல்செட் உடைந்த கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டீங்க? அப்படியே சத்தமா சொல்லுங்க பார்ப்போம்," என்றார்.

ஊசி சொன்னாள். பாதியில் நின்றுவிட்டாள். தலைக்குள் ஓடும்போது சாதாரணமாக இருந்தது, ஒரு அறைக்குள் விழுந்ததும் அசிங்கமாகக் கேட்டது.

"இதையே ரெஃப்ரி மாதிரி ஒருத்தர்கிட்ட சொல்வீங்களா?"

"அவர் பல்லை உடைக்கலையே, மேடம்."

ஆலோசகர் சிரித்துவிட்டார். "கேள்வி சரியில்லைதான். வேற கேட்கறேன். யாரைப் பார்த்தா உங்களுக்கு எரியுது?"

ஊசி கதவைக் காட்டினாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் மெத்தை உட்கார்ந்திருந்தாள், அநேகமாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"அவங்ககிட்ட இருக்கறதுல உங்களுக்கு எது வேணும்?"

"அவ தப்புப் பண்ணினாலும் அவளை அவளுக்குப் பிடிச்சிருக்கு, மேடம்," என்றாள் ஊசி. "அது எனக்கு வேணும். அதை அவகிட்டேருந்து பிடுங்கிக்கணும் போல இருக்கு."

சொல்லி முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆலோசகர் மூக்கைத் துடைத்துவிட்டு, "பிடுங்க முடியாது. ஆனா பழகலாம். நாளாகும்," என்றார். மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினார். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு ஊசி பல நாள் அந்த அறைக்குப் போனாள். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே வராந்தாவின் கோடியிலிருந்து பீ...ய் என்று நீளமாக ஒரு விசில் சத்தம். "மெத்தை, நீ சரிபண்ணின பல்செட்டு ஊதுது!" என்று யாரோ கைதட்டினார்கள். ரெஃப்ரியின் பல்செட்டை மெத்தை எடுத்துச் சரிசெய்து முடித்துவிட்டாள் என்பது அப்போதுதான் ஊசிக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. வயிறுதான் எரிந்தது.

"எரியுது, மேடம்," என்றாள்.

"எரியட்டும். அதுக்காக இன்னிக்கு உங்களைத் திட்டிக்காம இருக்க முடியுதா, அதை மட்டும் பாருங்க."

அன்று பாதி நாள் திட்டாமல் இருக்க முடிந்தது. மீதிப் பாதி முடியவில்லை.

வார்டன் போன் செய்து அம்மா வந்தபோது ஊசி விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையத்திலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள் அம்மா. விரலில் முத்திரை மை கூடப் போகவில்லை. மகளைப் பார்த்ததும் தலையைத் தடவினாள், முகத்தைத் தடவினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முனக ஆரம்பித்தாள்.

"கண்ணு முன்னால வளர்ந்த பொண்ணு, அதுக்கு என்னன்னு பார்க்கத் துப்பில்லை. நீயெல்லாம் ஒரு தாயா? எருமை. உன்னைச் செருப்பால..."

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் தலைக்குள் ஓடும் குரலை அவள் வெளியே கேட்டாள். வார்த்தை அதேதான், இழுவை அதேதான்.

"அம்மா, போதும். அவளைத் திட்டாதே."

"யாரைம்மா? நான் யாரையும் திட்டலையே."

"உன்னைத்தான். எங்கம்மாவைத் திட்டறியே. எனக்குக் கஷ்டமா இருக்கு."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் தான் பேசியது யார் காதிலாவது விழும் என்று அவள் நினைத்ததே இல்லை. "சும்மா எனக்கு நானே சொல்லிக்கறதுதானேம்மா..." என்றாள். பிறகு கட்டிலில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "நான் இப்படி இருக்கேனே, நான் ஒரு..." என்று மறுபடி ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்தி, என்ன சொல்வதென்று தெரியாமல் மகளைப் பார்த்தாள். மகளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்போது மெத்தை டீயோடு உள்ளே வந்தாள். அம்மாவையும் மகளையும் அப்படிப் பார்த்துவிட்டு, டீயை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனாள்.

ஊசி படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து வீட்டுக்குப் போனாள். அதனால் அவளுடைய வகுப்பு பட்டம் வாங்கியபோது அவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வராமலே இருந்திருக்கலாம், மெத்தை அழைத்தாள் என்று வந்தாள். கறுப்பு அங்கியில் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். தான் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், தன் நோட்டை வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள். மெத்தை அங்கி தடுக்கி விழப் பார்த்து, சிரித்துக்கொண்டே பட்டத்தை வாங்கினாள். அரங்கமே சிரித்தது. ஊசிக்குக் காதுமடல் சுட்டது. எழுந்து வெளியே போய், குழாயில் தண்ணீர் குடித்தாள். 'இது உன் வகுப்பு. நீயும் அங்க இருந்திருக்கணும். வலிக்கத்தான் செய்யும்,' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணு என்று சொல்ல இப்போதும் வரவில்லை. ஆனால் நாய் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்த பிறகும் எரிச்சல் போகவில்லை. அதோடேயே உள்ளே போய் உட்கார்ந்து, மீதிப் பேருக்குக் கைதட்டினாள்.

அவள் பட்டம் பின்னால் வந்தது. மேடை இல்லை, அங்கி இல்லை. அலுவலகக் கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் பல் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே யாருக்கும் அவளுடைய விடுதிப் பெயர் தெரியாது; தெரிந்தால் ஒரு குழந்தைகூட உள்ளே வராது. சில மாதங்கள் நன்றாகப் போகும். சில வாரங்கள் பழைய குரல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது மருத்துவரைப் போய்ப் பார்ப்பாள், அம்மாவுக்குப் போன் செய்வாள். அம்மாவும் இந்த வயதில் புதுப் பேச்சுக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பால் பொங்கினால், "சரி, பொங்கினா பொங்கிட்டுப் போகுது," என்று சத்தமாகச் சொல்கிறாளாம். சொல்லிவிட்டு அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்க்கிறாளாம்.

மெத்தை தன் ஊரில் சொந்தமாகக் கிளினிக் திறந்தாள். போர்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நீல எழுத்து, சுற்றிலும் விளக்கு. படம் வந்த அன்று ஊசி மதிய இடைவேளையில் போன் செய்தாள்.

"போர்டு பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

"வயிறு எரியுது."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "நிஜமாவா? ரொம்பவா?"

"ரொம்ப. எழுத்து எதுக்குடி அவ்வளவு பெரிசு? பல்லு சின்னதுதானே?"

"அப்பாதான் தூரத்துலேருந்து வர்ற வேன்காரங்களுக்கெல்லாம் தெரியணும்னுட்டார். நீ வந்து பாரு, லைட்டு போட்டா இன்னும் மோசமா இருக்கும்."

"வரேன். வந்து ஒவ்வொண்ணாக் குறை சொல்றேன்."

"சொல்லு. சாயங்காலமா வா, மத்தியானத்துல நோயாளி வர மாட்டாங்க, நான் நாற்காலியில படுத்திருப்பேன்."

ஊசி எந்தச் சனிக்கிழமை லீவு கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். வெளியே ஒரு குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு கதவைப் பிடித்து நின்றது. அதன் அம்மா இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஊசி போனை மேசைமேல் வைத்தாள்.